ஸ்மால் பேட்ச்

பெரிதாக எதையாவது எடுத்துக்கொள்ள வருகிறவர்கள்தான் வாயில் ஒரு சின்னச் சொல்லோடு வருவார்கள். அந்தச் சொல்லும் இங்கிலீஷில் இருக்கும்.

அவள் இப்படி நினைத்துக்கொண்டு நின்றபோது ஹெட்போனில் தேவநாதனின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. ஸ்மால் பேட்ச். ஜஸ்ட் ஒரு அழுகை. முடிச்சுட்டுக் கெளம்பிக்கிட்டே இரு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் இயக்குநரும் ஒலிப்பதிவாளரும் உட்கார்ந்திருந்தார்கள். டப்பிங்குக்குக் குரல்களைக் கூட்டிவருவது தேவநாதனின் வேலை. இத்தனை வருடமும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பவர் அவர்தான்.

'பிட்டு வாய்ஸ்தாம்மா, வர்றியா?' என்பார்.

போவாள்.

நர்ஸ். கீரைக்காரி. பஸ்ஸில் கண்டக்டரைத் திட்டுகிற பெண். சாவு வீட்டுக் கும்பலில் பின்வரிசை ஒப்பாரி.

டைட்டிலில் பெயர் வராது. பிட்டுக்கு எதற்குப் பெயர் என்று அவளும் கேட்டதில்லை.

இன்று பிட்டு இல்லை.

திரையில் கதாநாயகி. மடியில் இறந்த குழந்தை. வாயைத் திறந்து கதறுகிறாள். சத்தம்தான் இல்லை.

முதன்முறையாகச் சொந்தக் குரலில் நடிக்கிறார் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. படம் முழுக்க அந்தப் பெண்ணே பேசிவிட்டாள். பாவம், நன்றாகத்தான் பேசியிருக்கிறாள். இந்த ஓர் இடத்தில் மட்டும் அழுகை வரவில்லை. முயன்று முயன்று தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அந்த அழுகை இருக்கும் இடம் இவளுக்குத் தெரியும்.

மைனர் ஆபரேஷன் என்றுதான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

கண் விழித்தபோது வயிற்றில் குழந்தை இல்லை. குழந்தை இருந்த இடமும் இல்லை.

'எல்லாரும் பாக்கறாங்க. சில்லியா அழாத' என்றான் கட்டியவன்.

வார்டில் நிறைய பேர் இருந்தார்கள். விழுங்கிவிட்டாள்.

சற்றுமுன், ஒத்திகைக்கு என்று ஒருமுறை அழுது காட்டினாள். பதிவு செய்யவில்லை. இத்தனை காலம் கழித்து, அது அவ்வளவு சூடாக வெளியே வருமென்று அவளே எதிர்பார்க்கவில்லை.

முடிந்தபோது அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் கேட்டாள்.

"பேர் போடுவீங்களா சார்?"

இயக்குநர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"என்னக்கா, ஒரு லிட்டில் போர்ஷனுக்குப் போயி..."

தேவநாதன் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பேரப் போட்டா போஸ்டரு என்னாகறது? நீதான் அழுதேன்னு வெளிய மூச்சு விடக்கூடாது, ஆமா. இந்த சில்லி மேட்டருக்கு மல்லுக்கட்டாத. அப்புறம் நான் கூப்பிடலேன்னு வருத்தப்படக் கூடாது."

அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் கூப்பிடாவிட்டால் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கீரைக்காரி போய்விடுவாள். நர்ஸ் போய்விடுவாள். பின்வரிசை ஒப்பாரியும்.

அவள் அந்தக் குரல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

பிறகு திரையைப் பார்த்தாள்.

அவ்வளவு சின்னதென்றால், அந்தப் பெண்ணே அழுதிருப்பாளே.

"போலாமா?" என்றார் இயக்குநர்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

கதாநாயகி குழந்தையை மார்போடு அள்ளினாள். அவள் மைக்கை நெருங்கி நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் முன்னால் சாய்ந்தார்கள்.

கதாநாயகி வாயைத் திறந்தாள்.

அவள் திறக்கவில்லை.

காட்சி ஓடி முடிந்தது.

"எடத்த விட்டுட்டியாம்மா? பரவால்ல. ஒன் மோர்."

மறுபடியும் குழந்தை. மறுபடியும் அந்தப் பெரிய திரையில் அந்தப் பெரிய வாய், சத்தமில்லாமல்.

ஹெட்போனில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். இந்த முறை பெயர் சொல்லி.

அவள் கண்ணாடியை நேராகப் பார்த்தபடி நின்றாள்.

சிவப்பு விளக்கு அணையவில்லை. அவள் நிதானமாக மூச்சு விடுவது பதிவாகிக்கொண்டிருந்தது.