பரம்பரை நோய்

"இது பரம்பரை நோய் இல்லை சார். ஒன்பது வருஷமா சாப்பிட்ட பிரஷர் மாத்திரை பண்ணின வேலை" என்றார் டாக்டர்.

அப்துல் ரசாக் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். எதையும் இரண்டு முறை அளந்து பார்த்துத்தான் நம்புவார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். சில பேர் இந்த மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடும்போது, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பை அடிக்கத் தொடங்கிவிடுமாம்; அதற்குத்தான் லூபஸ் என்று பெயராம். ரசாக்கின் மனைவி நஃபீசாவுக்கு வந்த விரல் வீக்கம், கன்னத்துச் சிவப்பு, சாயங்காலக் காய்ச்சல் எல்லாம் அதனால்தான். வேறு மாத்திரை எழுதியிருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும். மகளுக்கும் வருமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

"அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க டாக்டர். சீல் வச்சு."

கடிதத்துக்கு அவ்வளவு அவசியம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் மகள் ஃபராவுக்கு முடிச்சூரில் ஓர் இடம் அமைந்தது. சொந்த வீடு, ஒரே பையன். நிக்காஹ்வுக்கு மண்டபம்கூடப் பார்த்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ நஃபீசாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படம் எடுத்து, 'லூபஸ். பரம்பரையாக வரும். யோசித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி சேர்த்து, பையனின் அம்மா ஷாயிஸ்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாள் மரியாதையாகத்தான் மறுத்தார். பேரப்பிள்ளைகளையும் யோசிக்க வேண்டுமே என்றார்.

அனுப்பியது அஸ்தினாபுரத்தில் இருக்கும் தன் தங்கைதான் என்று ரசாக் முடிவு கட்டினார். அவள் மகளுக்கு இன்னும் இடம் அமையவில்லை. வேறு சாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை. அன்றோடு தங்கையிடம் பேச்சை நிறுத்தினார்.

இப்போது ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்தார். ஷாயிஸ்தாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு கடிதத்தை முடிச்சூருக்கே கொண்டுபோய்க் காட்டுவதாகத் திட்டம்.

நஃபீசா வீங்கிய விரல்களால் போனை மூடினாள்.

"வேணாங்க."

ஏன் என்று கேட்டார். மூன்று மாதமாக இதற்குத்தானே அலைந்தது என்றார்.

"அந்தப் பையன் ஃபராகிட்ட போன்ல என்ன சொன்னான்? கோவம் வந்தா கை நீட்டுவேன், பழகிக்கோன்னான். அவ உங்ககிட்ட ரெண்டு தடவை வந்து சொன்னா. ஆம்பளைன்னா அப்படித்தான் பேசுவான்னுட்டு நீங்க மண்டபம் பாக்கக் கிளம்பிட்டீங்க."

அப்படிச் சொன்னது ரசாக்குக்கு நினைவிருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பக்கத்து வீட்டு காந்திமதி அக்கா போன்ல இருந்து அந்த ரிப்போர்ட்டை அனுப்பினது நான்தான்" என்றாள் நஃபீசா. வெயிலுக்கு முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, அதே குரலில் தொடர்ந்தாள்: "மாத்திரையால வந்ததுன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, தீராத வியாதியா வேற ஒண்ணைச் சொல்லியிருப்பேன்."