முப்பத்தேழாவது படிவம்

நாற்பது மரணங்களில் முப்பத்தொன்பதில் எங்கள் இருவர் முடிவும் ஒத்துப்போய்விட்டது. முப்பத்தேழாவது படிவத்தில் மட்டும் டீச்சர் பிடித்த பிடியை விடவில்லை.

டீச்சர் என் வகுப்புத் தோழிதான். விதி என்று ஒன்று இருந்தால் அதிலிருந்து இம்மியும் நகரமாட்டாள், அதனால் அந்தப் பெயர். பொதுச் சுகாதார முதுகலை வகுப்பில் இரண்டு வருடமாகப் பக்கத்து நாற்காலி. தன் வீட்டைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை.

ஆய்வு என்னுடையது. பிரசவ காலத்தில் இறந்துபோன பெண்களின் குடும்பங்களைக் களப்பணியாளர்கள் கேட்டு எழுதிய படிவங்கள். தாமதம் வீட்டில் என்றால் ஒன்று, வழியில் என்றால் இரண்டு, மருத்துவமனையில் என்றால் மூன்று. இருவர் தனித்தனியாகப் படித்து எண் போட வேண்டும். எண் மாறினால் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும்.

யார் வீட்டு மரணம் என்று தெரியக்கூடாது. பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் நானே கறுப்பு மையால் அடித்துவிட்டுத்தான் அவளிடம் கொடுத்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பேராசிரியர் வெளியூர் கிளம்புகிறார். அதற்குள் கையெழுத்து வாங்காவிட்டால் என் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும். மணி பதினொன்றரை.

நான் மூன்று போட்டிருந்தேன். அவள் ஒன்று.

படிவத்தை வாய்விட்டே படித்தேன். கணவர் சொன்னது. எட்டாம் மாதம். சாயங்காலத்திலிருந்து தலைவலி, கால் வீக்கம். மனைவி தன் தங்கையிடம் போனில் கேட்டிருக்கிறாள். இந்த மாதத்தில் எல்லோருக்கும் வருவதுதான், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாளாம் தங்கை. படித்த பெண், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டார்கள். விடியும்போது வலிப்பு. மருத்துவமனையில் ஊசி மருந்து அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடவே ஒரு மணி நேரம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாவியத் தொலைச்சவங்கள விட்டுட்டு வீட்டு ஆளுங்க தலையில பழியப் போடச் சொல்றியே, உனக்கே நியாயமா இருக்கா? ஏதோ ஒரு அரைகுறை மேதாவி போன்ல உளறினா அவங்க என்னடி பண்ணுவாங்க?"

அவள் நிமிரவில்லை. தான் போட்ட ஒன்றின் மேலேயே பென்சிலால் திரும்பத் திரும்பக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் தாள் கிழிந்துபோயிருந்தது.

பேசித் தீர்ப்பதாம். சுவரிடம் பேசியிருந்தாலும் பதில் வந்திருக்கும்.

மணி பன்னிரண்டுக்குப் பத்து. நியாயமாவது மண்ணாங்கட்டியாவது, எனக்குப் பட்டம் வேண்டும். மூன்றை அடித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் இறுதி முடிவுக்கான கட்டத்தில் பேனாவால் ஒன்று என்று எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் எழுதினேன்.

படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் டீச்சர் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை.

"அவ உளறத்தான் செஞ்சா. மொதல் பஸ்ஸுல நானே வந்துடறேன், அதுவரைக்கும் காலத் தலகாணி மேல தூக்கி வெச்சுப் படுத்துக்கோன்னா. அக்காவும் சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டா."

கதவு வரைக்கும் போய்விட்டேன். அங்கேயே நின்று நான்கு பக்கங்களையும் புரட்டினேன். இன்னொரு முறை, வரி வரியாக.

பஸ் இல்லை. தலையணை இல்லை. அக்கா சிரித்ததாக எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் அந்த ஒன்று இருந்தது.