முகத்தைக் காட்டுங்கப்பா

சிங்கப்பூரின் பூன் லே பகுதியில், தன் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து உர்சுலா கொதித்துக்கொண்டிருந்தாள்.

"பேசிட்டே இருக்கான் பாருங்க! அந்தத் துணிய விலக்கித் தொலைங்கடா!"

"உன்னக் கேட்டுட்டா இன்ஸ்பெக்டர் விலக்குவான்? சும்மா பாரு லா," என்றார் கணவர் பெர்னார்ட்.

ஆங்கிலத் துப்பறியும் தொடர். மூன்று எபிசோடாக ஒரு பிணம் வெள்ளைத் துணிக்குள் கிடந்தது. டாக்டர் துணியில் கை வைக்கும்போதெல்லாம் யாருக்காவது போன் வந்தது.

"கொலைகாரன் அந்தத் தோட்டக்காரன்தான்," என்றார் பெர்னார்ட்.

"எவனா இருந்தா எனக்கென்ன?"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு சிவகாமசுந்தரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, ரத்தத்தப் பாத்தாலே சேனல் மாத்துவீங்க. இப்பப் பொணத்தப் பாக்க இந்தத் துடி துடிக்கிறீங்க?"

டாக்டர் ஒருவழியாகத் துணியை விலக்கினார். வெளுத்துப்போன ஒரு முகம் தெரிந்தது. உர்சுலா ரிமோட்டை அழுத்திப் படத்தை அப்படியே நிறுத்தினாள்.

சிவகாமசுந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அக்கா, இது நம்ம வேய்ன்!"

"நடிக்கணும்னு பையன் லண்டன் போய் அஞ்சு வருஷம் ஆச்சு. இதுதான் மொத சான்ஸ்," என்றார் பெர்னார்ட். "வசனம்தான் இல்ல."

உர்சுலா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"'குண்டாயிட்டேன்மா, பாத்தா சிரிப்பீங்க'ன்னு சொல்லித்தானே வீடியோ காலுக்கே வராம இருந்தான்? கன்னத்தப் பாருங்க, ஒட்டிக் கெடக்கு."

"பொணத்துக்கு அப்படித்தான் மேக்கப் போடுவாங்க லா," என்றார் பெர்னார்ட். சொல்லிவிட்டு அவரும் எழுந்து போய்க் கிட்டே நின்று பார்த்தார்.