மயக்கம் தெளிவதற்குள்

"மச்சான், ஒம்ம மகன் ரெங்கராஜுக்கு எம் மக இருளாயியத் தாரேன், வச்சுக்கும்!"

காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த சேவுகன் சொன்னதைக் கேட்டு, அவர் மனைவி அழகம்மாள் கஞ்சி டம்ளரைக் கீழே போட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் ஆண்டியப்பன் முறிந்த விலாவைப் பிடித்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தார். "தாரும் மச்சான்! நாளைக்கே தாலி!"

எட்டு வருஷமாக முகம் பார்க்காதவர்கள். குளத்தூர்ப் பக்கத்துக் கண்மாயில் ஒருவர் மடையைத் திறக்க, மற்றவர் அடைக்க, மல்லுக்கட்டில் மடைச்சுவர் இடிந்து இருவர் மேலும் விழுந்தது. ஒரே லாரியில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்து இன்றோடு நாலு நாள். இருளாயியும் ரெங்கராஜும் ஒருவரையொருவர் விரும்புவது ஊருக்கே தெரியும். அப்பன்மாரிடம் வாய் திறக்கத்தான் யாருக்கும் தைரியமில்லை.

முதல் நாளே நர்ஸ் ஞானமணி சொல்லியிருந்தாள்: "வலி தெரியாம இருக்க பெத்தடின் ஊசி போட்டிருக்கு. கிறக்கத்துல கண்டதையும் பேசுவாங்க. ரெண்டு மூணு மணி நேரத்துல தெளிஞ்சிரும்."

அழகம்மாள், ஆண்டியப்பன் மனைவி கண்ணாத்தாளின் கையைப் பிடித்து இழுத்தாள். "மதினி, தெளிஞ்சா அருவாளத் தூக்குவாங்க. ஓடியாங்க!"

இருவரும் வாசல் கடைக்குப் பறந்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், பூ. அரை மணியில் கட்டில்களுக்கு நடுவே தட்டுகள் வந்துவிட்டன. எழுந்து உட்கார முடிந்த நோயாளிகளெல்லாம் சாட்சி.

"கைய நீட்டுங்கண்ணே, தட்ட வாங்குங்க" என்று அழகம்மாள் கெஞ்சினாள்.

"எந்தத் தட்ட, ஆத்தா? எனக்கு ஏழெட்டு தெரியுதே!" என்றார் ஆண்டியப்பன்.

"எல்லாத்தையும் வாங்கும்யா!" என்று சேவுகன் கத்த, வார்டே சிரித்தது.

தட்டு மாற்றியாயிற்று. பெண்கள் இருவரும் பிள்ளைகளுக்குச் சேதி சொல்லச் சிட்டாகக் கிளம்பினார்கள். வராந்தாவைத் தாண்டுமுன்னே அழகம்மாளுக்கு டம்ளர் ஞாபகம் வந்தது. திரும்பியவள், வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே ஆண்டியப்பனின் குரல், தெளிவாக: "போயிட்டாங்களா சம்பந்தி?"

"போயிட்டாங்க. ஏழெட்டுத் தட்டுன்னீரே, அது கொஞ்சம் அதிகம்யா" என்றார் சேவுகன். "நமக்கு ஊசிய நேத்துக் காலையிலேயே நிறுத்திட்டாங்கன்னு நர்சம்மா ஒளறிட்டா, ஊருக்குள்ள நம்ம வீறாப்பு என்னாகுறது?"