துவண்ட வேட்டி

ஊராட்சித் தலைவர் பரசுராமனின் வேட்டி, வதங்கிய கீரைத்தண்டாக இடுப்பில் தொங்கியது. இருபது வருடமாகப் பலகை மாதிரி விறைத்து நின்ற வேட்டி.

"இன்னிக்குப் பார்த்து இப்படியா? ஊரே போர்வெல் கிட்ட வந்து நிக்கும். மானம் போச்சு!"

"நான் இன்னா பண்றது? நேத்து குண்டான் நெறய ஜவ்வரிசிக் கஞ்சி காச்சி வெச்சேன். துணி அலசிக்கினு வர்றதுக்குள்ள காலி" என்றாள் மனைவி செல்வி. "மாடு குடிச்சிருக்கும்."

மாட்டைத் திட்டிக்கொண்டே நடந்தார்.

கெமிக்கல் கழிவு இறங்கி, ஊர் ஆழ்துளைக் கிணற்றில் மூன்று வருடமாக மஞ்சள் தண்ணீர். சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் நௌஷீன், இரும்பு நானோ துகள் கலந்த தண்ணீரை உள்ளே செலுத்தி விஷத்தை முறிக்கப் பார்க்கிறார். அவருக்கு உதவியாளர் பரசுராமனின் மகள் கல்பனா.

முந்தாநாள் காட்டிய பாட்டிலில் இரும்பெல்லாம் கட்டிதட்டி அடியில் உட்கார்ந்துவிட்டது. "இத்த வுட்டா போர்வெல்லே அடைச்சிக்கும்" என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார் தலைவர். இன்றும் மறுத்தால் திட்டம் சோழவரத்துக்குப் போய்விடும். ஊருக்கு மஞ்சள் தண்ணீரே கதி.

நௌஷீன் புது பாட்டிலை நீட்டினார். மை போலக் கறுப்பு. பரசுராமன் நோக்கியாவில் மணி பார்த்தபடி அரை மணி நேரம் அதையே முறைத்தார். அடியில் ஒரு பொட்டுகூடத் தங்கவில்லை.

"இன்னா மேடம் மாயம்?"

"துகள் ஒன்னோட ஒன்னு ஒட்டாம இருக்க மேல ஒரு பூச்சு சார். பாலிமர்."

"ஃபாரினா? லோக்கல் டூப்ளிகேட்லாம் நம்ம ஊருக்கு வேணாம்."

நௌஷீன் கல்பனாவைப் பார்த்தார். கல்பனா வானத்தைப் பார்த்தாள்.

"கடையில காசு குடுத்தாலும் கெடைக்காது நைனா."

"அதானே பார்த்தேன்! வெள்ளைக்காரன் மூளையே தனி."

கையெழுத்து விழுந்தது. பம்பு உறுமியது. கறுப்புத் தண்ணீர் குழாய்க்குள் இறங்க, ஊர் கைதட்டியது.

அந்த நேரம் பார்த்துக் காற்றடித்தது. வேட்டி இரண்டு காலையும் சுற்றிக்கொண்டது. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"ஊட்டுக்குப் போனதும் மொத வேலையா அந்த மாட்ட வித்துடறேன்" என்று பல்லைக் கடித்தார் பரசுராமன்.

கல்பனா பதறிப்போய் அவர் காதருகே குனிந்தாள்.

"மாடு பாவம் நைனா. உன் வேட்டிக் கஞ்சிதான் இப்ப உள்ள போவுது."