அலமாரியில் இருந்த பிளாப்பிகள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஒருத்தன் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் துடைத்த கதை சொல்கிறேன். கொஞ்சம் கசக்கும், மென்று விழுங்கிவிடுங்கள்.

தொண்ணூற்றொன்பதாம் வருசத்துச் சரஸ்வதி பூஜை, மத்தியான வேளை. தச்சநல்லூர் வீட்டில் தளவாய் தனியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். காலேஜ் வாத்தியார். அவன் அம்மா அன்னத்தாயும் பெண்டாட்டி ராஜேஸ்வரியும் கொலு பார்க்கப் போயிருந்தார்கள்.

திரை ஒரு கேள்வி கேட்டது. டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும், லினக்ஸை ஏற்றலாமா?

அழிய வேண்டும் என்றுதானே இத்தனையும்.

அந்தப் பெட்டியில் ராஜேஸ்வரி ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். கையில் விளக்கோடு ஒரு குட்டிப் பொம்மை, இருட்டுக் குகைகளைத் தாண்டிப் போக வேண்டும். சமையல் முடித்து, கட்டிலில் படுத்தபடி அவன் சொல்லச் சொல்ல அவனுடைய தீசிஸை டைப் அடித்து, அதற்கும் பிறகு மிஞ்சுகிற நேரத்தில் ஆடுவாள். ஒரு வருசமாகத் தாண்டித் தாண்டிக் கடைசிக் குகை வாசலுக்கே வந்திருந்தாள்.

ஒரு நாள் தளவாயும் ஆடிப் பார்த்தான். முதல் குகையிலேயே குழியில் விழுந்தான். எழுந்து வந்து அதே குழியில் மறுபடியும் விழுந்தான்.

கூட வேலை பார்க்கும் தில்லைநாயகம் பக்கத்தில் இருந்தான். “மதினியக் கூப்பிடுங்க அண்ணாச்சி, கைதூக்கி விடுவாவ” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு தளவாய்க்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது.

லினக்ஸ் சிடியைப் பத்திரிகையோடு கொண்டுவந்து கொடுத்தவனும் தில்லைநாயகம்தான்.

“இதுல கேம் ஓடாதுல்லா?” என்று கேட்டான் தளவாய்.

“ஓடும் அண்ணாச்சி. நான் விண்டோஸையே தூக்கிட்டேன், இப்ப இதுலதான் ஆடுதேன். மதினி ஆடுத மாதிரிப் பழைய டாஸ் விளையாட்டுக்குக் கொஞ்சம் மெனக்கெடணும். இந்தப் புஸ்தகத்துலயே வழி போட்டிருக்கான்.”

“அவளுக்கு அதெல்லாம் எங்கன தெரியப்போவுது.”

ராஜேஸ்வரி காப்பியோடு வந்து நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டே தில்லைநாயகத்திடம் சொன்னான். “மடியில ஒரு பிள்ளை கிடந்தா இவ ஏன்வே பெட்டியக் கொஞ்சுதா.”

தில்லைநாயகம் தரையைப் பார்த்தான். அவள் டம்ளரைச் சிந்தாமல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பூஜைக்கு முந்தின நாள் அவளிடம் ஒரு பிளாப்பியைக் கொடுத்தான். பெட்டியைத் துடைத்து லினக்ஸ் போடப்போவதாகவும், தீசிஸை இதில் ஏற்றிப் பூஜையில் வைக்கும்படியும் சொன்னான். விஜயதசமி அன்றைக்கு நல்ல நேரத்தில் அச்சுக்குப் போக வேண்டும். பாளையங்கால்வாய்ப் பாசனத்தைப் பற்றிய மூன்று வருசப் பாடு அது. அந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் அதில் ஓர் எழுத்துக் கிடையாது. வரைபடங்களோடு அந்தப் பிளாப்பியில் திணறித்தான் கொள்ளும்.

“இன்னொண்ணு இருக்கா?” என்று கேட்டாள்.

விளையாட்டையும் எடுத்துவைக்கத்தான் கேட்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அலமாரியில் ஒரு டப்பா நிறையப் புதுப் பிளாப்பிகள் இருந்தன.

“ஒண்ணு போதும்.”

அவள் அந்த ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். சாயங்காலமே பிளாப்பி சரஸ்வதி படத்தடியில், புத்தகங்களுக்கு மேலே, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

இப்போது, கேள்வி கேட்கிற திரைக்கு முன்னால், அதை எடுத்து ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாமா என்று தளவாய்க்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் தொடக் கூடாது. சின்ன வயதிலிருந்தே அந்த வீட்டில் யாரும் தொட்டதில்லை.

கம்ப்யூட்டருக்கும்தான் நெற்றியில் பொட்டு இருந்தது. படிக்கவா போகிறோம், துடைக்கத்தானே போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சரி என்று ஒரு தட்டுத் தட்டினான்.

விண்டோஸ் போனது. விளக்குப் பொம்மை போனது. கடைசிக் குகையும் போனது. லினக்ஸ் ஏறி முடிந்ததும் தனக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டைப் போட்டுப் பூட்டினான். கொலு பார்த்துவிட்டு வரும் ராஜேஸ்வரி கறுப்புத் திரையைப் பார்க்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்று கதவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக் காத்திருந்தான்.

வந்தாள். பார்த்தாள். கையிலிருந்த சுண்டலை அவனிடம் நீட்டினாள்.

விஜயதசமி அன்றைக்குக் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு தளவாய் பூஜை வைத்த இடத்துக்கு வந்தான். விடியவே மறுபூஜை முடிந்திருந்தது. புத்தகங்கள் இருந்தன. பிளாப்பி இருந்த இடத்தில் ஒரு செவ்வந்திப்பூ கிடந்தது.

கூடத்தில் கம்ப்யூட்டர் கரகரத்தது.

ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ராஜேஸ்வரி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பத்திரிகை விரிந்து கிடந்தது. பிளாப்பி போடுகிற வாயில் குங்குமம் அப்பியிருந்தது. லினக்ஸ் திரையின் இருட்டுக்குள்ளே, கையில் விளக்கோடு, கடைசிக் குகை வாசலில் பொம்மை நின்றது.

“பாஸ்வேர்டு எப்படித் தெரியும்?”

“உங்கம்மா பேர்தான. மொதத் தடவையிலயே தொறந்துட்டு.”

அவன் பொம்மையைப் பார்த்தான். குங்குமத்தைப் பார்த்தான். 

“ஏட்டி, தீசிஸ் எங்க?”

பொம்மை குழியைத் தாண்டிக் குதித்தது.

“இன்னொண்ணு கேட்டேன்லா” என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

போய்ப் படுங்கள் மக்களே. உங்கள் வீட்டில் விளக்கு அணையாமல் இருக்கட்டும். இன்னொன்று இருக்கா என்று யார் கேட்டாலும், உங்கள் வீட்டு அலமாரி திறக்கட்டும்.