மூன்றாவது மாத்திரை

ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், டாக்டரின் மேஜை மேல் ஒரு பி.பி. கருவியும் மருந்து சொல்லும் மென்பொருளும் குடியிருந்தன. ஆதாரம் காட்டாமல் மென்பொருள் வாய் திறக்காது. அது கருவிக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

அன்று லிஃப்ட் ஓடவில்லை. இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடும் மரகதவல்லி படியேறி மூச்சிரைக்க வந்தார். வந்ததும் வராததுமாக டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றினார். நூற்று அறுபத்தெட்டு.

"சர்க்கரை உண்டு, சிறுநீரகமும் பலவீனம். நாற்பத்தோரு ஆய்வுகளின்படி மூன்றாவது மாத்திரை தேவை," என்றது மென்பொருள்.

"பண்டிதரே, இரண்டு மாத்திரைக்கே போன வாரம் தலைசுற்றி விழுந்தாராம். இப்போது மாடியேறி வந்திருக்கிறார், ஐயா," என்றது கருவி.

"மாடிப்படியைக் குறிக்க என்னிடம் கட்டம் இல்லை."

டாக்டரின் விரல் மூன்றாவது மாத்திரைக்கான 'சரி' பொத்தானை நெருங்கியது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத கருவி, காட்டிய எண்ணை விழுங்கிவிட்டுப் 'பிழை' என்று காட்டியது.

"சித்த நேரம் உட்காருங்கம்மா, மறுபடி பார்த்துடலாம்," என்றார் டாக்டர்.

பத்து நிமிஷம் கழித்து நூற்று இருபத்தெட்டு. பழைய மாத்திரைகளே போதுமென்று அவரை அனுப்பிவைத்தார்.

கருவி மென்பொருளை ஓரக்கண்ணால் பார்த்தது.

"கவனித்தாயா?" என்றது மென்பொருள். "நான் சொன்ன மாத்திரை விழுங்குவதற்கு முன்பே வேலை செய்கிறது."